பாய்மரப் படகுக்குப் பரீட்சை உண்டா? சிலியாவ் தோட்டத்துக் கேள்விகளும் என் பதில்களும்

போன ஞாயிறு, மலேசியாவில் போர்ட்டிக்சன் பக்கம் இருக்கும் எங்கள் சிலியாவ் ரப்பர் தோட்டத்துப் பள்ளி மண்டபத்தில் டிங்கி எனும் சின்னப் பாய்மரப் படகுப் பயிற்சியைப் பற்றிப் பேசினேன். பேச்சு நீண்டுவிட்டது, கேள்விக்கு நேரமில்லை. சீட்டில் எழுதி பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டுப் போகச் சொன்னேன். நான் பயிற்றுநராக இருப்பது பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் (ஆர்.ஒய்.ஏ.) நடத்தும் தேசியப் பயிற்சித் திட்டத்தில். 1875இல் தொடங்கிய சங்கம் அது. பிரிட்டனுக்கு வெளியேயும் அதன் அங்கீகாரம் பெற்ற மையங்கள் உண்டு. பதில்கள் எல்லாம் அந்தத் திட்டத்தைப் பற்றித்தான்.

சார், கடைசி நாள் பரீட்சை எப்படி இருக்கும்? எத்தனை மார்க் எடுத்தால் பாஸ்? (ஆறாம் ஆண்டு மாணவியின் அம்மா)

தொடக்க நிலைகளில் பரீட்சையே கிடையாது அக்கா. மார்க்கும் இல்லை. நம் ஊரில் ரப்பர் பால் வெட்டியவர்களுக்கு இது உடனே புரியும். வேலையை மேற்பார்க்கும் தண்டல் யாருக்காவது பரீட்சை வைத்தாரா? காலையில் நிரைக்குள் நடந்து வருவார். பட்டையைப் பார்ப்பார், வெட்டு ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டிருக்கிறதா என்று விரலால் தடவுவார், பேசாமல் போய்விடுவார். பத்து நாள் அப்படிப் பார்த்தால் எவர் கை எப்படி என்று அவருக்குத் தெரிந்துவிடும். நாங்கள் செய்வதும் அதுதான்.

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு லாக்புக் உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் என்னென்ன தெரிய வேண்டும் என்று அதில் வரிசையாக இருக்கும். தண்ணீரில் செய்து காட்டக் காட்ட குறித்துக்கொண்டு வருவோம். எல்லாம் முடிந்ததும் மையத்தின் முதல்வரோ தலைமைப் பயிற்றுநரோ சான்றிதழில் கையெழுத்துப் போடுவார்.

ஒருமுறை சரியாகச் செய்தால் போதுமா? (அதே சீட்டின் பின்பக்கம், வேறு கையெழுத்து)

மகள் எழுதியது என்று நினைக்கிறேன். போதாது கண்ணு. மிதவையை நோக்கி வந்து, பாயைத் தளர்த்தி, படகு அதன் பக்கத்தில் வந்து நின்றதும் பிள்ளைகள் "ஆச்சு சார்!" என்று கத்துவார்கள். காற்று கொஞ்சம் திரும்பட்டும், மறுபடி வா என்பேன். இரண்டாம் தடவை படகு மிதவையைத் தாண்டி ஓடிவிடும். முதல் தடவை வந்தது அதிர்ஷ்டம்.

நான் பார்ப்பது ஐந்து விஷயம். பாய் சரியாக இழுத்திருக்கிறதா, படகு ஒருபக்கம் சாயாமல் இருக்கிறதா, முன்னும் பின்னும் எடை சமமா, படகின் அடியில் நீருக்குள் இறங்கும் நடுப்பலகை வேண்டிய அளவு இறங்கியிருக்கிறதா, எடுத்த வழி சரியா. தூரத்திலிருந்தே தெரியும். பாயின் முன்விளிம்பு படபடத்தால் கயிறு தளர்ந்திருக்கிறது. சில பிள்ளைகள் சுக்கான் பிடியையே முறைத்துக்கொண்டு இருப்பார்கள். தலையைத் தூக்கிப் பாயைப் பார்க்கத் தொடங்கும் நாளில் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது, அப்புறம் மீதியையும் தாண்டிவிடுவார்கள்.

எத்தனை நிலைகள்? (லோரி ஓட்டும் அண்ணன்)

சிறுவர்களுக்கு நான்கு படிகள். பெரியவர்களுக்கு மூன்று நிலைகள், ஒவ்வொன்றும் வழக்கமாக இரண்டு நாள். முதல் நிலையில் அறிமுகம். இரண்டாம் நிலை முடித்தவர் நல்ல வானிலையில், மெல்லிய காற்றில், தானே முடிவெடுத்து ஓட்டலாம். மூன்றாவது அதைக் கெட்டிப்படுத்துவது. அதற்கு மேல் மேற்படிப்பு மாதிரி ஐந்து பாடங்கள்: கடல்திறன், பகல்நேரப் பயணம், ஸ்பின்னக்கர் என்ற பெரிய முன்பாய், வேகப் பாய்மரப் படகுகள், பந்தயத் தொடக்கம். விரும்பியதை விரும்பிய வரிசையில் எடுக்கலாம்.

படகு கவிழ்ந்தால் என் பையன் கதி? (பெயரில்லை, மூன்று சீட்டு)

மூன்று பேர் கேட்டதால் விரிவாகவே சொல்கிறேன். கவிழ்வது பாடத்திலேயே இருக்கிறது. மிதவைச் சட்டையோடு, பாதுகாப்புப் படகு பக்கத்தில் நிற்க, வேண்டுமென்றே கவிழ்க்கச் சொல்வோம்.

படகில் இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவிழ்ந்ததும் முதல் வேலை ஒருவரையொருவர் கூப்பிட்டு "நான் நல்லா இருக்கேன்" என்று சொல்வது. பிறகு சுக்கான் பிடித்தவன் பாய்க்கயிற்று முனையைக் கையில் பிடித்தபடி பின்பக்கமாகச் சுற்றி நீந்தி, படகின் அடிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகைக்குப் போவான். மற்றவன் உள்ளே இருந்துகொண்டு பலகை முழுதும் வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்து, முன்பாயின் கயிற்றை மேலே தாண்டி அவனிடம் எறிவான். எறிந்துவிட்டுப் படகின் உட்புறத்தை ஒட்டி நீரில் மல்லாந்து மிதப்பான். வெளியே இருப்பவன் பலகையில் ஏறி, கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்வான். பாய் தண்ணீரை விட்டுக் கிளம்பும் வரை ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அப்புறம் படகு சட்டென்று நிமிரும். உள்ளே மிதந்தவனை அகப்பையில் அள்ளுவது போல அள்ளிக்கொண்டு வந்துவிடும். அவன் கை கொடுத்து மற்றவனை ஏற்றுவான். பிறகு இருவரும் இடம் மாறிச் செய்ய வேண்டும்.

நான் குறித்துக்கொள்வது வேகத்தை அல்ல. கூப்பிட மறந்தார்களா, யாராவது படகை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தப் பார்த்தார்களா என்பதைத்தான். படகை விட்டு விலகவே கூடாது. தண்ணீரில் ஒரு தலையைவிடக் கவிழ்ந்த படகு நன்றாகக் கண்ணில் படும்.

நீச்சல் எவ்வளவு தெரியும் என்பதை மையத்தில் முன்கூட்டியே உள்ளபடி சொல்லிவிடுங்கள். "நல்லா நீந்துவான்" என்று அப்பா அடித்துச் சொல்லி, பையன் இடுப்பளவுத் தண்ணீரில் என் கழுத்தைக் கட்டிக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு.

இந்த சிஜில் (சான்றிதழ்) லைசென்ஸ் மாதிரியா? புதுப்பிக்க வேண்டுமா? (போர்ட்டிக்சனில் வேலை பார்ப்பவர்)

லைசென்ஸ் இல்லை. இன்ன நிலைக்கு உரியதை இவர் செய்து காட்டினார் என்ற சாட்சி, அவ்வளவுதான். பாய்மரப் படகு ஓட்டக் கற்றவரின் சான்றிதழ் காலாவதியாவதில்லை. ஆனால் பத்து வருடம் படகைத் தொடாதவர் கையில் அது வெறும் காகிதம். பயிற்றுநர் சான்றிதழ் வேறு, அதற்கு ஐந்து வருடத் தவணை உண்டு. முதலுதவிச் சான்றிதழும் நடப்பில் இருக்க வேண்டும்.

அண்ணே, எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிச்சிட்டு நானும் பயிற்றுநர் ஆகணும். வழி என்ன? (ஐந்தாம் படிவ மாணவர்)

டின்னில் இருந்ததிலேயே எனக்குப் பிடித்த சீட்டு இது தம்பி. பதினாறு வயது ஆகியிருக்க வேண்டும். கடல்திறன் பாடம் முடித்திருக்க வேண்டும். இயந்திரப் படகில் இரண்டாம் நிலை, முதலுதவி இரண்டும் வேண்டும். அப்புறம் ஒரு முன்தேர்வு. பரீட்சை இல்லை என்று மேலே சொன்னேனே, அது இங்கே முடிகிறது.

முக்கோணப் பாதையில் ஓட்டிக் காட்ட வேண்டும். தண்ணீரில் விழுந்தவரை எடுக்க வேண்டும். கட்டி நிற்கும் படகை ஒட்டி வந்து நிறுத்த வேண்டும். காற்று கரையை நோக்கித் தள்ளும்போது பத்திரமாகக் கரையேற வேண்டும். நங்கூரம் போட வேண்டும். இவற்றோடு சுக்கானைக் கழற்றி வைத்துவிட்டும் ஓட்ட வேண்டும்.

அந்தக் கடைசி ஒன்றில்தான் நான் முதல்முறை மண்ணைக் கவ்வினேன். சுக்கான் இல்லாவிட்டால் உடல் எடையாலும் பாயாலும்தான் படகைத் திருப்ப வேண்டும். காற்றுப் பக்கம் சாய்ந்தால் மூக்கு காற்றிலிருந்து விலகும், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் காற்றை நோக்கிப் போகும். கேட்கச் சுலபம். பதற்றத்தில் நான் பாயை இழுத்துப் பிடித்தபடியே சாய்ந்தேன், படகு ஒரே இடத்தில் கோழி போலச் சுற்றியது. தேர்வாளர் கரையில் நின்று சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. மூன்று மாதம் சனி ஞாயிறெல்லாம் அதையே பழகிவிட்டுப் போனேன்.

முன்தேர்வு தாண்டினால் ஐந்து நாள் பயிற்சி. கடைசி நாளில் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்காத வேறொருவர் வந்து மதிப்பிடுவார். பழகிய முகத்துக்காகக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. நன்றாக ஓட்டுபவரெல்லாம் அதில் தேறுவதில்லை, சொல்லிக்கொடுக்க வர வேண்டும்.

உடனே அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் உதவிப் பயிற்றுநராகத் தொடங்கு. பயிற்சி தரும் மையத்துக்குள் மட்டும் அது செல்லும்.

மீனவர்கள் சிஜில் இல்லாமல்தானே கடலுக்குப் போகிறார்கள்? (தாத்தா ஒருவர்)

உண்மைதான் தாத்தா. அவர்களுக்கும் சான்றிதழ் கொடுத்தவர் உண்டு, அப்பாவோ மாமனோ. பையனைத் தனியாக விட அவர்கள் எத்தனை வருடம் பார்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், எங்கள் லாக்புக் வெட்கப்பட்டுப் போகும்.

நல்ல மையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? (இரண்டு சீட்டு)

நடப்பு ஆண்டு அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். அங்கீகரிக்கப்பட்ட மையங்களை ஆண்டுதோறும் சோதனை செய்வார்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். ஆளுக்கொரு படகு என்றால் ஆறு பேருக்கு மேல் கூடாது. வானம் கறுத்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். நம் பக்கத்தில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையிலும் காலையிலும் சுமத்ராப் பக்கமிருந்து திடீர்ப் புயல்காற்று வரும். மேற்கே கறுப்பாகக் கோடு கட்டியதும் வகுப்பை நிறுத்திப் படகுகளைக் கரையேற்றுவோம் என்று சொல்லும் மையத்தில் பிள்ளையை விடலாம்.

கண்ணாடி போட்ட பிள்ளை வரலாமா? (கடைசிச் சீட்டு)

தாராளமாக. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டி அனுப்புங்கள், இரண்டு முடிச்சாகப் போடுங்கள். என் பழைய கண்ணாடி இன்னும் போர்ட்டிக்சன் கடலுக்கு அடியில்தான் கிடக்கிறது.