சிறார் குற்றங்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: பதினாறு வயதில் கத்தி எடுக்கத் தெரிந்தவனுக்குத் தண்டனையில் மட்டும் ஏன் சலுகை?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் பதின்ம வயதில் ஆசையும் ஆத்திரமும் முழு வேகத்தில் இருக்கும். அவற்றைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். பல நாடுகளில் ஒரே போக்கைப் பார்க்கலாம்: குற்றங்கள் பதின்ம வயதின் கடைசியில் உச்சத்தைத் தொட்டு, இருபதுகளில் இறங்கிவிடும். பெரும்பாலானவர்கள் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். விடப்போகிற பையனைப் பெரியவர்களோடு சிறையில் அடைத்து, படிப்பையும் பறித்தால் அவன் எங்கே போவான்?

கேள்வி: என் அக்கா மகன், 15 வயது, ஒரு திருட்டு வழக்கில் மாட்டிக்கொண்டான். ஒத்துக்கொண்டால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்கிறார்கள். ஒத்துக்கொள்ளச் சொல்லலாமா சார்?

பதில்: வழக்கறிஞரைப் பார்க்கும் முன் வேண்டாம். விசாரணையின்போது அக்காவோ மாமாவோ கூடவே இருக்கட்டும். குற்றச்சாட்டு என்ன என்று தெளிவாகக் கேளுங்கள், வயதுச் சான்றைக் கையில் வைத்திருங்கள்.

சின்னப் பையன் விவகாரத்துக்கு வக்கீல் எதற்கு என்பவர்களுக்கு நான் கால்ட் வழக்கைச் சொல்வேன். 1964-ல் அமெரிக்காவின் அரிசோனாவில், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனில் ஆபாசமாகப் பேசியதாக கால்ட் என்ற 15 வயதுப் பையன் மீது புகார். பெற்றோருக்குச் சொல்லாமலே பிடித்துப் போனார்கள். வக்கீல் இல்லை. புகார் சொன்னவர் விசாரணைக்கு வரவே இல்லை. 21 வயதுவரை சீர்திருத்தப் பள்ளியில் வைக்கலாம் என்று உத்தரவு! இதையே பெரியவர் செய்திருந்தால் அதிகபட்சம் 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை. பையனின் நன்மைக்கு என்று சொல்லித்தான் இவ்வளவும் நடந்தது. 1967-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, வக்கீல் வைக்கவும் தனக்கு எதிராகப் பேசாமல் இருக்கவும் சிறாருக்கும் உரிமை உண்டு என்றது. 1989-ல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையிலும் இது இருக்கிறது.

கேள்வி: ஒருநாள் ஜெயிலைச் சுற்றிக் காட்டினால் பயந்து திருந்திவிட மாட்டானா?

பதில்: மாட்டான். அமெரிக்காவில் இப்படிச் செய்து பார்த்தார்கள். அழைத்துப் போகாத பையன்களைவிட, போய் வந்தவர்கள்தான் அதிகம் தப்பு செய்தார்கள்.

கேள்வி: கொலை செய்தாலும் இதே கதைதானா?

பதில்: இல்லை. பெரிய பையன்களைக் கொடும் குற்றங்களுக்குப் பெரியவர்களைப் போல விசாரிக்கச் சில நாடுகள் அனுமதிக்கின்றன. இந்தியாவின் 2015 சட்டத்தில் 16 முதல் 18 வயதுவரை அந்த வாய்ப்பு உண்டு, முதலில் சிறார் நீதிக் குழுமம் பையனின் மனநிலையை மதிப்பிட வேண்டும். ஆனால் அப்படிப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்ட சிறார்கள் மறுபடி வன்முறையில் இறங்குவது கூடுகிறது என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டின. அதனால் இதை நான் ஆதரிப்பதில்லை. சிறாருக்கு மரண தண்டனையையும், விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையையும் ஐ.நா. உடன்படிக்கை அறவே தடுக்கிறது.

கேள்வி: அடி வாங்கியவள் நான். என் பேச்சை யார் கேட்பார்கள்?

பதில்: மிக நியாயமான கேள்வி அம்மா. பல நீதிமன்றங்களில் உங்களை ஒரு சாட்சியாக மட்டுமே பார்க்கிறார்கள். நியூசிலாந்தில் 1989 முதல் குடும்பக் கூட்டம் என்று ஒரு முறை இருக்கிறது. பாதிக்கப்பட்டவர், பையன், அவன் குடும்பம், போலீஸ் எல்லோரும் உட்கார்ந்து, இழப்பீடா, ஈடாகப் பையன் ஏதாவது வேலை செய்வதா, மன்னிப்பா என்று பேசி முடிவெடுக்கிறார்கள். உங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவன் முகம் பார்த்து நீங்களே சொல்லலாம். வர விருப்பமில்லை என்றால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் ஊரில் இப்படி ஏற்பாடு உண்டா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: பிடிபட்ட பையனின் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது. பகிரலாமா?

பதில்: அழித்துவிடுங்கள். பல நாடுகளில் சிறாரின் பெயரையும் படத்தையும் வெளியிடுவதே குற்றம்.