படையிலிருந்து வந்து தேர்தலில் நின்றவர் பதில் சொல்கிறார்

மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராகப் பென்சன் வந்தவன் நான். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். ஊருக்கு வந்தபின் பஞ்சாயத்துத் தலைவருக்கு நின்றேன், பிறகு சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நின்றேன். எதிலும் ஜெயிக்கவில்லை. தேர்தலில் நிற்க நினைக்கும் முன்னாள் படைவீரர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

கேள்வி (படையில் நாயக் பதவியில் இருப்பவர், பவானி பக்கம்): சாப், அடுத்த வருசம் பென்சன் வர்றேன். வந்ததும் பஞ்சாயத்துத் தலைவருக்கு நிக்கோணும்னு ஆசை. முதல் வேலை என்னங்க?

வாக்காளர் பட்டியல், தம்பி. பணியில் இருக்கிற வரைக்கும் நீங்கள் படைப்பணி வாக்காளர். பெயர் பட்டியலின் கடைசிப் பாகத்தில் தனியாக இருக்கும். பென்சன் வந்ததும் அது தானாக ஊர்ப் பட்டியலுக்கு வந்துவிடாது. படிவம் 6 கொடுத்து வீட்டு விலாசத்தில் சேர வேண்டும். பஞ்சாயத்துக்கு நிற்பவர் பெயர் அந்தப் பஞ்சாயத்துப் பட்டியலிலேயே இருக்க வேண்டும். சட்டமன்றத்துக்கு என்றால் தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியில் இருந்தால் போதும். வயது பஞ்சாயத்துக்கு 21, சட்டமன்றத்துக்கு 25.

சர்வீஸில் இருக்கும்போது கட்சி மேடை, ஊர்வலம், ஓட்டுக் கேட்பது எதுவும் கூடாது. லீவில் ஊருக்கு வந்திருந்தாலும் அதே விதிதான். டிஸ்சார்ஜ் ஆன பிறகு தடையில்லை. அரசிடம் ஆதாயம் தரும் பதவி வகித்தால் தேர்தலில் நிற்க முடியாது; ஆனால் பென்சன் வாங்குவது அப்படிப்பட்ட பதவி ஆகாது, பயப்பட வேண்டாம். ஆனால் நம்மில் பலர் வந்ததும் அரசு வங்கியில் காவலர், அரசு அலுவலகத்தில் உதவியாளர் என்று மறுபடி வேலைக்குச் சேர்ந்துவிடுகிறோம். அப்படிச் சேர்ந்திருந்தால் அந்த வேலையை விட்ட பிறகுதான் மனுத் தாக்கல்.

இன்னொன்றும் சொல்கிறேன். வந்ததும் நிற்காதீர்கள். ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை, கோபி): ராணுவத்துல இருந்தவர்னா எல்லாருமே கையெடுத்துக் கும்பிடறாங்க. அப்புறம் ஓட்டு மட்டும் ஏனுங்க விழறதில்லை?

இதற்குத்தான் நான் அதிகம் யோசித்தேன், டீச்சர். மரியாதை வேறு, ஓட்டு வேறு. இரண்டும் ஒரே மனதிலிருந்து வந்தாலும் வேறு வேறு கணக்கில் சேர்கின்றன.

வெள்ளகோவில் பக்கம் ஒரு தறிக்குடோனில் ஓட்டுக் கேட்கப் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுக்காக யாரும் தறியை நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால் அவர்களுக்குத்தான் கூலி போகும். சத்தத்தோடு கத்திப் பேசிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் நூல் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கண்ணு, எல்லையில நின்ன புள்ளை நீ, நல்லா இருப்பே. ஆனா என்ற ஊட்டுக்காரரு செத்தப்ப ராத்திரியோட ராத்திரியா ஃப்ரீசர் பெட்டி கொண்டாந்தவரு அவரு. அவருக்கில்லாம நான் வேற யாருக்குப் போடறது?"

அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. என்னை எதிர்த்து நின்றவர் ஊரை விட்டு நகராதவர். பாம்பு கடித்தவனை நடுராத்திரியில் வண்டியில் ஏற்றிக் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். முதியோர் பென்சனுக்கு எழுதிக் கொடுப்பார், பட்டா மாறுதலுக்குத் தாலுகா ஆபீஸில் கூட நிற்பார். குலதெய்வக் கோயில் நோம்பியில் பந்தியில் பரிமாறுவார். நான் அந்த வருடங்களில் எல்லாம் ரஜௌரியிலும் சிலிகுரியிலும் இருந்தேன். லீவுக்கு வந்தால் நாலு பேரைப் பார்ப்பேன், கிளம்பிவிடுவேன். ஊரில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். அவர்களுக்கு நடந்த எதிலும் நான் இல்லை. நாட்டுக்குச் செய்ததை ஊர் மதித்தது. ஊருக்குச் செய்தவருக்கு ஓட்டுப் போட்டது.

நம் பகுதிக்கு என்று ஒரு நிலைமையும் உண்டு. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்தார் இருக்கிற ஊர்கள் இங்கே குறைவு. இங்கே தோட்டம், தறி, ஸ்பின்னிங் மில், பனியன் கம்பெனி என்று பிள்ளைகளுக்குப் பிழைப்பு பக்கத்திலேயே இருந்தது. அதனால் படைவீரர் ஓட்டு என்று எண்ணிச் சொல்கிற அளவுக்கு ஒரு கூட்டம் கொங்கில் கிடையாது. படைவீரர் கேன்டீன் வரிசையில் பார்க்கிற முகங்களை வைத்துத் தொகுதியைக் கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி (முன்னாள் விமானப்படை, சூலூர்): அண்ணா, பெரிய பெரிய ஜெனரல்களே தோத்திருக்காங்களாமே, நெசமா?

நிஜம்தான். நாட்டின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1971-இல் மும்பையில் மக்களவைக்கு நின்று தோற்றார். தரைப்படைத் தளபதியாக இருந்த ஜே. ஜே. சிங் 2017-இல் பாட்டியாலாவில் நின்றார், டெபாசிட்டும் போனது. ஜெயித்த அமரீந்தர் சிங்கும் ராணுவத்தில் கேப்டனாக இருந்தவர் என்பதைக் கவனியுங்கள். மேஜர் ஜெனரல் கந்தூரி 2012-இல் உத்தராகண்ட் முதல்வராக இருந்துகொண்டே கோட்துவாரில் தோற்றார். அது ராணுவக் குடும்பங்கள் நிறைந்த மலையடிவாரப் பகுதி.

எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது 2014-இல் ராஜஸ்தானின் பார்மர் மக்களவைத் தொகுதி. மேஜராக இருந்து பாதுகாப்பு அமைச்சர் வரை போன ஜஸ்வந்த் சிங், கட்சி சீட்டுத் தராததால் சுயேச்சையாக நின்றார். எதிரே கட்சிச் சின்னத்தோடு கர்னல் சோனாராம் சௌத்ரி. இருவருமே படைவீரர்கள். சின்னம் இருந்தவர் ஜெயித்தார்.

கேள்வி (தாராபுரம்): சுயேச்சையா நின்னா சின்னம் எப்பக் கிடைக்குமுங்க? ஜனங்க மனசுல பதிய வைக்க நேரம் இருக்குமா?

இருக்காது. மனு வாபஸ் வாங்கும் கடைசி நாள் முடிந்த பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னம் ஒதுக்குவார்கள். அதற்கும் ஓட்டுப்பதிவுக்கும் குறைந்தது 14 நாள் இடைவெளி வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதற்கு மேல் அதிகமாகக் கிடைப்பதில்லை. அதற்குள் நோட்டீஸ் அடித்து, பிளெக்ஸ் அனுமதி வாங்கி, ஊர் ஊராகப் போக வேண்டும். உதயசூரியனும் இரட்டை இலையும் பாட்டி காலத்திலிருந்து வீட்டுக்குள் இருக்கின்றன.

மிஷினில் பெயர் வருகிற வரிசையும் நமக்கு எதிராகத்தான் இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு மட்டும் செய்த கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். ஒரு பெட்டியில் 16 பெயர்தான் கொள்ளும். 2023 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றார்கள். ஒவ்வொரு சாவடியிலும் ஐந்து பெட்டி வரிசையாக வைத்தார்கள். கண் மங்கலான பெரியவர் நாலாவது பெட்டி வரை வந்து உங்கள் சின்னத்தைத் தேடுவாரா என்று யோசித்துப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய சங்கடம் பூத் ஏஜெண்ட். ஒரு சட்டமன்றத் தொகுதியில் சாதாரணமாக 250 சாவடிக்கு மேல் இருக்கும். காலை ஏழு மணி ஓட்டுப்பதிவுக்கு ஐந்தரை மணிக்கே மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டுவார்கள். அங்கே உட்கார ஆள் வேண்டும், சாயங்காலம் படிவம் 17சி-யில் பதிவான ஓட்டுக் கணக்கைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வர வேண்டும். எனக்கு என் கூடப் பணியாற்றியவர்களும் மச்சான் பிள்ளைகளும்தான் ஏஜெண்ட். பெரும்பாலான சாவடியில் என் நாற்காலி காலி. எண்ணுகிற இடத்தில் கட்சிக்காரர்கள் கட்டுக்கட்டாக 17சி வைத்துக்கொண்டு சரிபார்த்தபோது என் கையில் ஒரு சின்னக் கோப்புதான் இருந்தது. படையில் இருந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்: ஆள் நிறுத்தாத போஸ்ட் நம்முடையது ஆகாது.

கேள்வி (மொடக்குறிச்சி): எங்க தொகுதியில ஒருக்கா ஆயிரம் பேர் நின்னாங்கல்ல, அதனாலதான் டெபாசிட் ஏறுச்சுங்களா?

அந்தத் தேர்தலும் ஒரு காரணம். 1996 சட்டமன்றத் தேர்தலில் விவசாயிகள் தங்கள் கோரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை என்று கூட்டம் கூட்டமாக மனுப் போட்டார்கள். 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அடிக்க வேண்டியிருந்தது. தேர்தலையும் தள்ளி வைத்தார்கள். ஜெயித்தது சுப்புலட்சுமி ஜெகதீசன்.

அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆனது. மக்களவைக்கு 500-லிருந்து 10,000. சுயேச்சைக்கு முன்மொழிபவர் பத்துப் பேர் வேண்டும் என்றும் வந்தது. இப்போது சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. பத்து முன்மொழிபவரும் அதே தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். ஒருவர் பாகம் எண்ணைத் தப்பாக எழுதிக் கொடுத்தாலும் பரிசீலனையில் சிக்கல் வரும். பன்னிரண்டு பதிமூன்று பேரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

டெபாசிட் திரும்ப வர, செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். தொகுதியில் 1,80,000 ஓட்டு விழுந்தால் 30,000-க்கு மேல். சுயேச்சைக்கு அது பெரிய மலை. நான் வாங்கியது அதன் அடிவாரம்கூட இல்லை.

கேள்வி (பெருந்துறை): ஜெயிக்க மாட்டோம்னு தெரிஞ்சே நிக்கறது ஓட்டைப் பிரிக்கறதுதானுங்களே?

சில நேரம் ஆமாம். அதே மொடக்குறிச்சியில் 2021-இல் சுப்புலட்சுமி ஜெகதீசன் தோற்றது 281 ஓட்டில். அந்த வித்தியாசத்தைவிட அதிகம் வாங்கிய எந்தச் சிறிய வேட்பாளரும் முடிவைத் தொட்டவர்தான். அதனால் நிற்பதற்கு முன் எதற்காக நிற்கிறோம் என்பதில் உறுதி வேண்டும். எங்கள் பகுதியில் கடைமடைக்குத் தண்ணீர் வருவதில்லை. அதைப் பேசத்தான் நின்றேன். பெரிய கட்சி வேட்பாளர்கள் இருவரும் கடைசி வாரத்தில் கடைமடைக்கு வந்து அதைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் அங்கே வந்ததை நான் மதிக்கிறேன்.

கேள்வி (படைவீரர் மனைவி, அந்தியூர்): அண்ணா, என்ற ஊட்டுக்காரரு இன்னும் சர்வீஸ்ல இருக்காரு. நான் வார்டு மெம்பருக்கு நிக்கலாங்களா?

தாராளமாக நிற்கலாம், அம்மிணி. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. அவரோடு சேர்த்து உங்கள் பெயரும் படைப்பணிப் பட்டியலில் இருந்தால் மட்டும் ஊர் விலாசத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவர் லீவில் வந்தால் உங்களோடு ஓட்டுக் கேட்க வரக் கூடாது. நோட்டீஸில் அவர் சீருடைப் படத்தைப் போடக் கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்கூட வேண்டாம். யாராவது யூனிட்டுக்கு அனுப்பிவிட்டால் விசாரணை அவர் தலையில் விழும்.

என்னைக் கேட்டால் நீங்கள் நிற்பதுதான் சரியான வழி. அவர் ஊரில் இல்லாத வருடங்களில் ஊரில் இருந்தது நீங்கள். எங்களைவிட உங்களுக்குத்தான் ஓட்டு விழும்.

கேள்வி (சத்தியமங்கலம்): சீருடை, மெடல் போட்டுட்டுப் பிரச்சாரம் பண்ணலாமுங்களா?

வேண்டாம். படைவீரர் படங்களைப் பிரச்சாரத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று தேர்தல் ஆணையம் 2013-இலும் 2019-இலும் கட்சிகளுக்குச் சொல்லியிருக்கிறது. விதியை விடுங்கள். அந்த மெடல் என் கம்பெனியில் திரும்பி வராதவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தது. அதைக் காட்டி நான் ஓட்டுக் கேட்க முடியாது. வெள்ளை வேட்டி சட்டையில் போனேன். மேடையில் பெயரோடு "சுபேதார், ஓய்வு" என்று சொல்லிக்கொண்டேன், அதோடு சரி.

கேள்வி (திருச்செங்கோடு): சாதி பாக்காம ஓட்டு விழுமுங்களா?

பஞ்சாயத்தில் ஓரளவு விழும், சட்டமன்றத்தில் சுயேச்சைக்கு ரொம்பக் குறைவு. யூனிட்டில் ஒரே லங்கரில், அதாவது பொதுச் சமையல்கூடத்தில், சாப்பிட்டு, ஒரே டெண்டில் படுத்து வந்தவனுக்கு ஊரில் தெருவாரியாக ஓட்டு எண்ணுவதைக் கேட்க வயிறு எரியும். எனக்கு எரிந்தது. என் சாதிக்காரர் வீட்டுக்கு மட்டும் போகச் சொன்னவர்கள் பேச்சைக் கேட்காமல் எல்லாத் தெருவுக்கும் போனேன். அதனால் சில ஓட்டுப் போயிருக்கும். போகட்டும்.

கேள்வி (காங்கேயம்): செலவு எவ்வளவு ஆச்சுங்க? ஊட்டுல ஒத்துக்கிட்டாங்களா?

சட்டமன்றத்துக்குச் சட்டம் அனுமதிக்கிற உச்சவரம்பு 40 லட்சம். நான் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. பென்சனில் ஒரு பகுதிக்கு ஈடாக மொத்தமாக வாங்கிய கம்யூட்டேஷன் பணத்தைத் தொட மாட்டேன் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் மனுப் போட்டேன், தொடவில்லை. பென்சன் பணத்தில் வண்டி டீசல், நோட்டீஸ், கூட வந்தவர்களுக்குச் சாப்பாடு. ஓட்டுக்குப் பணம் கொடுக்கவில்லை. வீட்டில் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது, தடுக்கவில்லை. முடிவு வந்த அன்றைக்கு அவர் சோறு போட்டுவிட்டு, "சாப்பிடுங்க, தோட்டத்துல மோட்டார் ஓடுது" என்றார். அது போதுமாக இருந்தது.

கேள்வி (பல்லடம்): தோத்துட்டேனுங்க, டெபாசிட்டும் போச்சு. இன்னும் கணக்கு வேற கொடுக்கோணுமா?

கட்டாயம் கொடுங்கள். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் செலவுக் கணக்கு போய்ச் சேர வேண்டும். தோற்றவர், பத்து ஓட்டு வாங்கியவர் எல்லாருக்கும் ஒரே விதி. கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு வரை தேர்தலில் நிற்கத் தகுதியில்லை என்று ஆணையம் உத்தரவு போடலாம். மனுவுக்கு முன் தேர்தலுக்கென்று தொடங்கிய வங்கிக் கணக்கின் பாஸ்புக் நகல், பில்கள், தினசரிக் கணக்குப் பதிவேடு, கையெழுத்துப் போட்ட பிரமாணப் பத்திரம் எல்லாம் சேர்த்துக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். பில் தொலைந்திருந்தால் அச்சகத்தில் இன்றைக்கே நகல் கேளுங்கள்; தேர்தல் முடிந்த கையோடு அவர்களும் பழைய புத்தகத்தை ஓரம் கட்டிவிடுவார்கள்.