தேயிலையில் கருப்புக் காவடிப்புழு: அசாமிலிருந்து வந்ததா?

கோத்தகிரி அருகே தேயிலை பயிரிடும் வாசகர் கேட்டிருக்கிறார்: "கொழுந்தில் கருப்பான காவடிப்புழுக்கள் தென்படுகின்றன. அசாம் தோட்டங்களை மொட்டையடித்த புழு இதுதான் என்கிறார் நண்பர். அங்கிருந்து பரவியதா? உடனே மருந்தடிக்கலாமா?"

காவடிப்புழு என்பது உடலை வளைத்து வளைத்து நகரும் புழு. முதலில் ஒன்றைப் பிடித்துக் கால்களைப் பாருங்கள். தலையை ஒட்டி மூன்று ஜோடி, வால்புறத்தில் இரண்டு ஜோடி, நடு உடலில் ஒன்றுமில்லை என்றால் அது ஜியோமெட்ரிடே என்னும் அந்துப்பூச்சிக் குடும்பம். நடுவிலும் கால்கள் இருந்தால் ஆமணக்குக் காவடிப்புழுவைப் போன்ற வேறு குடும்பத்துப் புழு. கருத்த உடலில் குறுக்காக வெண்புள்ளி வரிசைகளும் இருந்தால், நண்பர் சொல்லும் அசாம் புழுவான ஹைப்போசிட்ரா தலாகாவாக இருக்கலாம். வளர்ந்த புழு பழுப்பாகி, காய்ந்த குச்சிபோல விறைத்து நிற்கும். புழுவை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். சிலவற்றை இலையோடு பாட்டிலில் வளர்த்து, வெளிவரும் அந்துப்பூச்சியை உபாசி (தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கம்) தேயிலை ஆராய்ச்சி நிலையத்தாரிடம் காட்டுங்கள்.

அதுவாகவே இருந்தாலும், அசாமிலிருந்து வந்ததாக எண்ண வேண்டியதில்லை. பூச்சியியலாளர் வாக்கர் 1860இல் விவரித்த இந்த இனம், இந்தியாவிலிருந்து தென்கிழக்காசியா, நியூ கினி வழியாக ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து வரை இயல்பாகவே வாழ்வது. கோகோ, சின்கோனா, காட்டு மரங்கள் எனப் பலவற்றையும் தின்னும். வட வங்காளத்தின் டூவார்ஸிலும் அசாமிலும் அது தேயிலைக்குப் பழகிக்கொண்டதுதான் வினையாயிற்று.

எனவே செடியை விட நிழல் மரங்களைக் கவனியுங்கள். தாய்ப்பூச்சி பட்டை வெடிப்புகளில்தான் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பொரிந்த குஞ்சுப் புழுக்கள் நூலில் தொங்கி, காற்றில் மிதந்து கொழுந்துக்கு வந்துசேரும். பகலில் அந்துப்பூச்சிகள் இறக்கையை விரித்து அடிமரத்தில் ஒட்டிக்கிடக்கும். அப்போதே பொறுக்கி அழித்துவிடலாம். கூட்டுப்புழுக்கள் தூரைச் சுற்றி மேல்மண்ணில் கிடக்கும். லேசாகக் கொத்திவிட்டால் பறவைகள் பார்த்துக்கொள்ளும்.

சில புழுக்கள் உடல் குழைந்து தலைகீழாகத் தொங்கினால் அப்படியே விடுங்கள். அது பெரும்பாலும் புழுக்களைக் கொல்லும் என்பிவி என்ற வைரஸ் தாக்கிய புழு. கிழிந்து வழியும் நீர் இலையில் பட்டு மற்றப் புழுக்களுக்கும் நோயைத் தரும்.

கண்ட மருந்தையும் கண்மூடித்தனமாக அடித்தால் இந்தப் புழுக்களை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளும் சேர்ந்து செத்துப்போகும். எண்ணிக்கை கூடினால், புழு சிறிதாகவும் கருப்பாகவும் இருக்கும்போதே, தேயிலை வாரியம் அனுமதித்த பட்டியலில் உள்ள வேம்பு சார்ந்த மருந்தைத் தெளியுங்கள். லேபிளில் சொன்ன இடைவெளி முடியும்வரை கொழுந்து பறிக்காதீர்கள்.