பக்கத்து நாடுகள் தங்களுக்குள் வரியில்லாமல் அரிசி, பருப்பு விற்றுக்கொண்டால் ஏழை நாடுகளில் விலை குறையுமா?

குறையும். ஆனால் வரியை எடுத்தால் மட்டும் போதாது. விளைச்சல் குறைந்த வருடத்திலும் கதவைச் சாத்த மாட்டோம் என்ற உறுதி வேண்டும். நான் தண்டையார்பேட்டையில் சரக்குக்கான சுங்க வேலைகளை முடித்துக் கொடுக்கும் ஒரு க்ளியரிங் ஏஜெண்டிடம் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். துறைமுகத்தில் இறங்கும் பருப்பும் ஏறும் அரிசியும்தான் எனக்குச் சோறு போடுகின்றன.

முதலில் உளுந்து. நாட்டின் பெயர் மியான்மர் என்று மாறினாலும் மார்க்கெட்டில் அது இன்னும் பர்மா உளுந்துதான். கன்டெய்னரைத் திறந்ததும் புரோக்கர் மூட்டையில் குத்தூசியைச் செருகுவார். உள்ளங்கையில் விழுந்ததை ஊதி, கசக்கி, ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பார். எஸ்க்யூ என்றால் மணி பெரிது, எஃப்ஏக்யூ அதற்கு ஒரு படி கீழே. எஸ்க்யூ போட்டால் மாவு நன்றாகக் காணும் என்று இட்லிக் கடைக்காரர்கள் கூடுதல் விலை கொடுத்தே வாங்குவார்கள்.

மியான்மரில் உளுந்து சாப்பிடுகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் நமக்காகவே விதைக்கிறார்கள். 2017 ஆகஸ்டில் நம் அரசு, உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து வருடத்துக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் வரக்கூடாது என்று வரம்பு கட்டியது. காரணம் இல்லாமல் இல்லை. அப்போது நம் விவசாயிக்கே விலை கிடைக்கவில்லை. ஆனால் அங்கே விதைத்துவிட்டு நின்றவருக்கு விற்க வேறு ஆள் ஏது? விலை விழுந்தது. அப்புறம் 2021இல் இரண்டு நாடும் ஐந்து வருடத்துக்கு ஓர் ஒப்பந்தம் போட்டன: வருடத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை. விதைக்கும் முன்பே வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிகிற மாதிரியான இந்த ஏற்பாட்டைத்தான் நான் நல்ல வியாபாரம் என்பேன்.

அரிசியில் நாம் விற்கிற பக்கம். உலகச் சந்தைக்கு வரும் அரிசியில் சுமார் 40 சதவீதம் இந்தியாவுடையது. 2022 செப்டம்பரில் நொய்யரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. நமக்கு நொய் கஞ்சிக்கு ஆகும், அவ்வளவுதான். செனகலில் அதுதான் அன்றாடச் சாப்பாடு. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத பச்சரிசிக்கும் தடை. எங்கள் கையில் சிங்கப்பூர் மளிகைக்கடைகளுக்குப் போக வேண்டிய பொன்னி பச்சரிசி நான்கு கன்டெய்னர் இருந்தது. மணலி கன்டெய்னர் யார்டில் அப்படியே நின்றுவிட்டது. "அண்ணே, ஒரு தேதி மட்டும் சொல்லுங்க" என்று அங்கிருந்து தினமும் போன் வரும். சொல்ல என்னிடம் தேதி இல்லை. அடுத்த மாதம் பூட்டானுக்கு 79,000 டன், சிங்கப்பூருக்கு 50,000 டன், மொரீஷியசுக்கு 14,000 டன் என்று அரசு தனியாக அனுமதித்தது. பச்சரிசித் தடை நீங்க 2024 செப்டம்பர் ஆனது.

உள்ளூர் விலையைக் காக்க வேண்டிய கடமை அரசுக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெரிய நாடு சாத்தினால் அடுத்த நாடும் பயந்து சாத்தும், வாங்குகிற நாடு பதறிப்போய் எந்த விலைக்கும் வாங்கும். 2008இல் அரிசி விலை அப்படித்தான் ஏறியது.

தென்கிழக்கு ஆசிய நாடுகள் அதிலிருந்து கற்றுக்கொண்டன. சீனா, ஜப்பான், கொரியாவோடு சேர்ந்து, அவசரத்துக்கென்று 7,87,000 டன் அரிசியை ஒதுக்கி வைக்க 2011இல் கையெழுத்துப் போட்டன. நம் பக்கமும் காகிதத்தில் குறையில்லை. தெற்காசியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2006இல் அமலுக்கு வந்தது, தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க், அவசரத்துக்குத் தானியம் ஒதுக்கி வைக்கும் உணவு வங்கிக்கு 2007இல் கையெழுத்துப் போட்டது. ஆனால் 2014க்குப் பிறகு சார்க் தலைவர்கள் மாநாடே கூடவில்லை.

2022இல் கொழும்பில் டாலர் தீர்ந்து அரிசிக்கே திண்டாடினார்கள். இங்கிருந்து கப்பலில் இரண்டு நாள் தூரம்தான். ஏப்ரல் 29 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, டெல்லி அனுமதி வாங்கி, மூட்டை பிடித்து, மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து 9,000 டன் அரிசியோடு முதல் கப்பல் கிளம்பியது. அதில் ஏறியது தமிழ்நாடு அரசு அனுப்பிய அரிசி, உணவு வங்கி அரிசி இல்லை. மனசார நடந்த நல்ல காரியம், வேகமாகவும் நடந்தது. அப்படியும் நடுவில் பத்தொன்பது நாள்.