முதலில் கிஹா, அப்புறம் ஹயபுசா

அன்புள்ள ஐயா,

உங்கள் ரயில் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். சிங்கப்பூரில் மென்பொருள் வேலை. போன வருடம் மனைவி, மகளோடு ஜப்பான் போயிருந்தோம். டோக்கியோவிலிருந்து மோரியோக்காவுக்கு ஹயபுசா என்ற ஷின்கான்சென் அதிவேக ரயிலில் பயணம். அங்கே பச்சை ஹயபுசாவோடு இணைந்து வந்த சிவப்பு கொமாச்சி ரயிலைக் கழற்றிவிடுவதை பிளாட்பாரத்தில் நின்று பார்த்தோம். திரும்பும்போது அகிஹபாராவில் ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் அதே ரயிலின் சின்ன மாதிரி, 17 பெட்டிகளும் வரிசையாக நின்றன. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

எங்களுடையது ஜூரோங்கில் வீவக (அரசு அடுக்குமாடி) நான்கறை வீடு. 6க்கு 4 அடி பிளைவுட் பலகையில் லேஅவுட் (மாதிரி ரயில் ஓடும் பாதை அமைப்பு) கட்ட வரைபடம்கூடப் போட்டுவிட்டேன். மனைவி பலகை வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறாள். எந்த ஸ்கேலில், அதாவது எந்தச் சிறிதாக்க அளவில் தொடங்குவது? தயாரிப்பாளர்களில் காட்டோவா, டோமிக்ஸா? ஜப்பான் சாமான் இங்கத்திய கரன்ட்டுக்கு ஒத்துவருமா? இந்த வயதில் பொம்மை ரயிலா என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

அன்புடன்,
செந்தில்

அன்புள்ள செந்தில்,

பலகை விஷயத்தில் நான் உங்கள் மனைவியின் கட்சி. 6க்கு 4 என்றால் ஒரு கட்டில். நான்கறை வீட்டில் அதை எங்கே போட்டாலும் நடக்க வழியிருக்காது. ஆறு மாதம் போனால் அதன்மேல் மடிக்காத துணிதான் கிடக்கும்.

இடப் பஞ்சத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஜப்பானில் ஏராளமானவர்கள் பலகையே இல்லாமல்தான் ரயில் ஓட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாத்தாமிப் பாய்மேல் தண்டவாளத்தை மாட்டி, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள். அதற்கு "ஒசாஷிகி உன்டென்" என்று தனிப் பெயரே உண்டு. அவர்களுடைய சாமான்களும் இந்தப் பழக்கத்துக்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. தண்டவாளத்தோடு சரளைக்கல் மேடும் சேர்ந்தே பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டிருக்கும். இரண்டு துண்டை நெருக்கி அழுத்தினால் 'டக்' என்று கவ்விக்கொள்ளும். ஆணி வேண்டாம், பசை வேண்டாம். ரயில் வரும் உறையைப் பாருங்கள்: தடித்த புத்தகம் போன்ற பிளாஸ்டிக் கேஸ், திறந்தால் பஞ்சு மெத்தையில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பள்ளம். மூடி அலமாரியில் புத்தகங்களோடு செங்குத்தாக நிறுத்திவிடலாம். முதுகில் ரயிலின் பெயர் இருக்கும். அந்தக் கேஸ் ஒன்றை உங்கள் மனைவியிடம் காட்டுங்கள், பேச்சுவார்த்தை சுலபமாகும்.

ஸ்கேல் கேள்விக்கு ஒரே பதில்தான்: ஆங்கில எழுத்து N பெயரில் உள்ள 'என் கேஜ்'. தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர். செக்கிசுய் கின்சோகு நிறுவனம் 1965ல் சி50 என்ற நீராவி இன்ஜினை இதில் கொண்டுவந்தது. நீங்கள் காட்டோ என்கிறீர்களே, அது அந்த நிறுவனத்தின் பிராண்டுதான். 1976ல் டோமிக்ஸ் வந்தது. இன்று ஜப்பானில் கடைக்குள் நுழைந்தால் கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி என் கேஜ்தான். எச்ஓ என்ற பெரிய அளவு அழகு, ஆனால் விலையும் இடமும் பல மடங்கு. ரோக்குஹான் என்ற நிறுவனம் போடும் இசட் கேஜ் இன்னும் சிறியது, ஆனால் கிடைக்கும் ரயில்கள் குறைவு.

ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஷின்கான்சென் ஓடுவது 1435 மி.மீ. பாதையில். அதன் மாதிரிகளை 160ல் ஒரு பங்காகச் செய்கிறார்கள், கணக்கு 9 மி.மீ.க்குச் சரியாக வந்துவிடும். ஜப்பானின் மற்ற ரயில்களில் பெரும்பாலானவை 1067 மி.மீ. பாதையில் ஓடுபவை. அவற்றை 150ல் ஒரு பங்காகச் செய்து அதே 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள். கணக்குப்படி 7 மி.மீ.தான் இருக்க வேண்டும். அதனால் முன்னாலிருந்து குனிந்து பார்த்தால் ரயில் காலை அகட்டி நிற்பதுபோல இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. இதைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பழகிப்போய்விட்டது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் 17 பெட்டி ஹயபுசா, கொமாச்சி ஜோடியை வாங்கப்போகிறீர்கள் என்று கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. வாங்குங்கள். ஆனால் அது முதல் ரயிலாக இருக்க வேண்டாம்.

ஏன் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். ஷின்கான்சென் பெட்டி ஒன்று 25 மீட்டர், மாதிரியில் சுமார் 16 சென்டிமீட்டர். ஹயபுசா 10, கொமாச்சி 7. கொமாச்சி பெட்டிகள் கொஞ்சம் குட்டை. மொத்தம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். ஆரம்பக்காரர் வாங்கும் காட்டோ வளையத்தின் வளைவு ஆரம் 315 மி.மீ. இரு பக்கமும் 248 மி.மீ. நேர்த்துண்டு இரண்டிரண்டு வைத்தால் முழுச் சுற்று 3 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மூக்குக்கும் வாலுக்கும் நடுவே அரை மீட்டர்கூட இருக்காது. மணிக்கு 320 கிலோமீட்டர் போகும் ரயில் தன் வாலைத் தானே துரத்திக்கொண்டு சுற்றும். நான்கு சுற்றில் சலித்துவிடும்.

வளைவின் கதை இன்னும் மோசம். ஹயபுசா அந்த வேகத்தில் ஓடும் பகுதிகளில் நிஜப் பாதையின் வளைவு ஆரம் குறைந்தபட்சம் 4000 மீட்டர். அதை அளவு மாறாமல் சுருக்கினால் 25 மீட்டர் ஆரம். உங்கள் வீட்டை விடுங்கள், பக்கத்து வீட்டையும் சேர்த்தாலும் பத்தாது. 315 மி.மீ. வளைவில் அந்த நீளப் பெட்டிகள் திரும்பும்போது ஒவ்வொன்றின் மூலையும் வெளியே நீட்டிக்கொள்ளும். அகிஹபாராவில் உங்களை மயக்கிய அந்த நேர்கோடு வீட்டில் கிடைக்கவே கிடைக்காது.

இப்போது கிஹா 40ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் தேசிய ரயில்வே 1977லிருந்து 1982வரை கட்டிய டீசல் கார் (தன் இன்ஜினிலேயே ஓடும் ரயில் பெட்டி) குடும்பம். கிஹா 47, 48 எல்லாம் சேர்த்து 888 பெட்டிகள். நாடு முழுவதும் கிளைப்பாதைகளில், இரண்டு பெட்டியாகவோ ஒற்றைப் பெட்டியாகவோ ஊர்ந்தவை. என் கேஜில் இரண்டு பெட்டி சேர்ந்தே 30 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதே 3 மீட்டர் வளையத்தில் பத்தில் ஒரு பங்குதான் ரயில், மீதியெல்லாம் பாதை. அப்போதுதான் ரயில் எங்கோ போகிறது, எங்கிருந்தோ வருகிறது என்ற எண்ணமே உண்டாகும். மலைப்பாதை வளைவுகள் நிஜத்திலேயே 200, 300 மீட்டர் ஆரம் உள்ளவை என்பதால், உங்கள் வளையத்தோடு உள்ள பொய்யும் கொஞ்சம்தான்.

ஃபுக்குஷிமா மாகாணத்தின் தாதாமி பாதையில் ஓடிய ரயில் இது. ஆற்றின்மேல் பாலம், பனி மூட்டம், நடுவே இரண்டு பெட்டி ரயில் என்று ஒரு படம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். 2011 ஜூலை வெள்ளத்தில் அங்கே பாலங்கள் அடித்துப்போக, முழுப் பாதையும் திரும்பத் திறக்க 2022 அக்டோபர் ஆனது. அதற்குள் 2020 மார்ச்சிலேயே கிஹா 40 அந்தப் பாதையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. சீரமைத்த பாதையில் அது வழக்கமான ரயிலாக ஓடும் காட்சி நிஜத்தில் வரவேயில்லை. வீட்டுத் தரையில் ஓட்டலாம். டோமிக்ஸ் இந்தக் குடும்பத்தைப் பல நிறங்களில் போட்டிருக்கிறது. பழைய செங்காவி நிறம் எனக்குப் பிடித்தது. மகளைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

வாங்குவதில் சில சூட்சுமங்கள் இருக்கின்றன. ஜப்பான் தயாரிப்பாளர்கள் ஒரு ரயிலைச் சில மாதங்கள் முன்பே அறிவிப்பார்கள், கடைகள் முன்பதிவு எடுக்கும், ஒரு தொகுதி செய்து அனுப்புவார்கள், அத்தோடு முடிந்தது. திரும்பப் போடுவார்கள்தான், ஆனால் எப்போது என்று அவர்களுக்கே வெளிச்சம். ஆகவே "அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்" என்று வைத்த ரயில் அப்புறம் இருக்காது. அதற்காகப் பதறி எல்லாவற்றையும் முன்பதிவு செய்தால் ஒரே மாதத்தில் நான்கு பார்சல் வந்து நிற்கும். அப்போது மனைவிக்கு நான் பதில் சொல்ல முடியாது.

நீளமான ரயில்களை அடிப்படை செட், கூடுதல் செட் என்று பிரித்து விற்பார்கள். காட்டோவின் ஹயபுசா அடிப்படையாக 3 பெட்டி, அப்புறம் கூடுதலாக 3, இன்னொரு 4. ரயில் முழுவதுக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு பெட்டியில்தான் மோட்டார் இருக்கும், அது அடிப்படை செட்டில் வரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று கூடுதல் செட்டை மட்டும் வாங்கினால் கையால்தான் தள்ள வேண்டும். தெத்சுதோ கலெக்ஷன் என்ற வரிசையும் அப்படித்தான். விலை குறைவு, வார்ப்பு அருமை, ஆனால் அலங்காரத்துக்கு வைப்பது. ஓட்ட வேண்டுமானால் மோட்டார் அடிப்பகுதியையும் உலோகச் சக்கரங்களையும் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். கிஹா 40 போன்றவற்றை ஒற்றைப் பெட்டியாக வாங்கினாலும் மோட்டார் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை உண்டு. அட்டையில் பெயரோடு ஆங்கில எழுத்து எம் இருக்கிறதா என்று பாருங்கள்.

டோமிக்ஸ் ரயிலோடு ஒரு சின்னப் பாலிதீன் உறை வரும். உள்ளே விசில், ஆன்டெனா, தேய்த்து ஒட்டும் வண்டி எண்கள். எள் அளவு விசிலை இடுக்கியால் பிடித்துக் கூரையில் பொருத்துவதற்குள் அது ஒருமுறையாவது தெறித்து ஓடும். வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, மின்விசிறியை அணைத்துவிட்டு உட்காருங்கள். ஒட்டாமலே ஓட்டினாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

காட்டோவா, டோமிக்ஸா என்பது உண்மையில் தண்டவாளத்தைப் பற்றிய கேள்வி. ரயில் எதுவானாலும் எந்தத் தண்டவாளத்திலும் ஓடும். தண்டவாளம் மட்டும் ஒன்றோடொன்று நேராகப் பொருந்தாது, காட்டோ விற்கும் இணைப்புத் துண்டு வேண்டும். தரையில் அடிக்கடி மாட்டிக் கழற்றுவதற்கு என் ஓட்டு காட்டோவுக்கு, மூட்டுகள் உறுதியாக இருக்கும். மேசையின் ஓரத்தில் ஒரு குட்டிப் பாதை என்றால் டோமிக்ஸில் 103 மி.மீ. ஆரம்வரை சின்ன வளைவுகள் உண்டு. ஆனால் அவற்றில் டிராமும் குட்டி வண்டிகளும்தான் திரும்பும், கிஹா 40 திரும்பாது.

கரன்ட்டில் விளையாட்டு வேண்டாம். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், உங்களுக்கு 230. தண்டவாளத்துக்குப் போவது 12 வோல்ட் நேர்மின்சாரம்தான், ஆகவே ரயிலுக்கு ஆபத்தில்லை. சுவரில் செருகும் சாமான்தான் பிரச்சினை. ரயிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் அல்லது அதன் அடாப்டரின் அடியில் உள்ளீடு 100 என்று மட்டும் போட்டிருந்தால் நேரடியாகச் செருகவே கூடாது, புகைந்துவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். 100-240 என்றிருந்தால் கவலையில்லை. நானாக இருந்தால் கன்ட்ரோலர் இல்லாத செட்டை வாங்கி, பிரிட்டனின் கேஜ்மாஸ்டர் போன்ற 230 வோல்ட் கன்ட்ரோலரைச் சேர்த்துக்கொள்வேன். அவர்களுடைய மூன்று முனை பிளக்கும் உங்களுடையதும் ஒன்றேதானே. காட்டோ தண்டவாளத்திலிருந்து நீலமும் வெள்ளையுமாக இரண்டு ஒயர் வரும், அவற்றைக் கன்ட்ரோலரில் மாட்டினால் வேலை முடிந்தது. திசையை மாற்றும் விசையைத் தட்டினால் முன்விளக்கு அணைந்து சிவப்புப் பின்விளக்கு எரியும். மகளிடம் அந்த விசையைக் கொடுத்துவிடுங்கள்.

டைல்ஸ் தரை நல்லது, தரைவிரிப்பில் மட்டும் ஓட்டாதீர்கள். நூலும் தலைமுடியும் சக்கர அச்சில் சுற்றிப் பல்சக்கரம்வரை போய்விடும். சிங்கப்பூரின் ஈரக் காற்றில் தண்டவாளம் சீக்கிரம் மங்கும். ரயில் திக்கித் திக்கிப் போனால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறலில் இன்னும் அழுக்கு சேரும்.

வயது பற்றிக் கேட்பவர்களுக்கு ஹாரா நொபுதாரோவைச் சொல்லுங்கள். 1919ல் பிறந்தவர், கொக்குயோ நிறுவனத்தில் வேலை பார்த்தவர், வாழ்நாள் முழுக்க மாதிரி ரயில்களைச் செய்தும் சேர்த்தும் வந்தவர். அவருடைய சேகரிப்பைக் கொண்டு 2012ல் யோகோஹாமாவில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அப்போது அவருக்கு 90 தாண்டிவிட்டது. 45 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் அவருடைய பெரிய ரயில்களை அங்கே பார்க்கலாம். அடுத்த பயணத்தில் போய்ப் பாருங்கள். ஒமியாவில் உள்ள ரயில்வே அருங்காட்சியகத்திலும் பெரிய மாதிரி லேஅவுட் ஒன்று உண்டு.

ஹயபுசாவையும் அந்தப் பயணத்துக்கே ஒத்திவையுங்கள். ஜப்பானிய நகரங்களில் வாடகை லேஅவுட் கடைகள் இருக்கின்றன. நம் ரயிலை எடுத்துக்கொண்டுபோய், மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து, அவர்களுடைய நீண்ட பாதையில் ஓட்டலாம். 17 பெட்டியும் ஒரே நேர்கோட்டில் வரும் இடம் அதுதான். ஹயபுசாவை அங்கேயே வாங்கி, அங்கேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, கேஸ்களைக் கைப்பையில் கொண்டுவாருங்கள். செக்-இன் லக்கேஜில் போடாதீர்கள்.