வெள்ளைப்புள்ளி மறைந்தால் குணமா?

மதுரையில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறீர்கள். கோமாளி மீன்மேல் உப்புத்தூள் தூவியதுபோல் இருந்த புள்ளிகள் நாலு நாளில் மறைந்தன, குணமா என்கிறீர்கள். இல்லை. கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணி உதிர்ந்து, மணலில் கூடுகட்டிப் பெருகுகிறது. அடுத்த சுற்றில் செவுளைப் பிடிக்கும்.

எல்லா மீன்களையும் மணல், கல் இல்லாத தொட்டிக்கு மாற்றுங்கள். அங்கே மருந்தாகக் காப்பர் சல்பேட் போடுவதானால், தண்ணீரில் தாமிரம் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் இருக்க வேண்டும். இரண்டு நாளில் மெதுவாக ஏற்றி, தினமும் சோதித்து, 21 நாளாவது வையுங்கள். மாற்றும் தண்ணீரிலும் அதே அளவு கலக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பவளம், இறால் உள்ள பெரிய தொட்டியில் ஒரு சொட்டும் கூடாது. அங்குள்ள ஒட்டுண்ணி மீன் கிடைக்காமல் சாக, அது 76 நாள் மீனில்லாமல் கிடக்கட்டும்.

சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறினால் ஆக்சிஜன் குறையும். கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரி ஏர்பம்ப் அவசியம்.