அழுத்தினால் தாவ வேண்டும்: கேம் கேள்வி–பதில்

பிளாட்ஃபார்ம் அட்வென்ச்சர் கேம் வாங்கும்போது கிராஃபிக்ஸைத் தவிர வேறு எதைப் பார்ப்பது? இலவச டெமோவில் 10 நிமிடம்தான் ஆட முடிகிறது.
– மதுரை வாசகர்

பத்து நிமிடம் தாராளம். கதை, இசை எல்லாம் இருக்கட்டும், ஜம்ப்பைப் பாருங்கள். மேடைக்கு மேடை தாவிப் போகும் இந்த வகை கேமில் அந்த ஒரு பட்டனைத்தான் ஆயிரக்கணக்கான முறை அழுத்தப் போகிறீர்கள். அது சரியில்லை என்றால் மற்றதெல்லாம் வீண்.

எதிரி இல்லாத சமதரையில் நின்றுகொள்ளுங்கள். பட்டனைச் சட்டென்று தொட்டு விடுங்கள். அடுத்து அழுத்தியே பிடியுங்கள். முதலில் குட்டித் தாவலும் பிறகு உயரத் தாவலும் வர வேண்டும். 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸிலேயே இது இருந்தது. அடுத்து ஓடித் தாவி, காற்றில் இருக்கும்போதே ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் தள்ளிப் பாருங்கள். பாத்திரம் கொஞ்சமாவது திரும்பினால், தப்புக் கணக்கைத் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது என்று அர்த்தம். கேஸில்வேனியா போன்ற சில பழைய கேம்களில் தாவிய பிறகு திருப்பவே முடியாது. அது கோளாறு இல்லை, வேண்டுமென்றே வைத்தது. ஆனால் அங்கே எதிரிகளும் அதற்கேற்றபடி மெதுவாக வர வேண்டும்.

மூன்றாவது சோதனைதான் முக்கியமானது. விளிம்பை நோக்கி ஓடி, கால் தரையை விட்டுக் கடந்த பிறகு, ஒரு கணம் தாமதமாக ஜம்ப் அழுத்துங்கள். நல்ல கேமில் தாவிவிடும். 2018இல் வந்த செலஸ்ட்டில் இதற்கு 0.1 விநாடி சலுகை உண்டு. நொடிக்கு 60 ஃப்ரேம் (திரையில் வந்துபோகும் தனித்தனிப் படம்) ஓடும் கேமில் அது 6 ஃப்ரேம். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்திவிட்டாலும் அதை நினைவில் வைத்திருந்து, கால் பட்டதும் தாவும். மேலே உள்ள கல்லின் மூலையில் தலை லேசாக இடித்தால், நான்கு பிக்சல் வரை பக்கவாட்டில் நகர்த்தி மேலே விட்டுவிடும். ஆடுபவரின் கண் காலடியில் இருப்பதில்லை, போய் இறங்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அதனால் எல்லோருமே கொஞ்சம் முந்தியோ பிந்தியோதான் அழுத்துகிறோம். சலுகை இல்லாத கேமில் "அழுத்தினேனே!" என்று கத்துவீர்கள். இருக்கிற கேமில் நமக்குக் கை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். இந்த ஏமாற்று நல்லது.

2டி கேமில் நன்றாக ஆடுகிறேன். 3டியில் மட்டும் பள்ளத்தில் விழுந்துகொண்டே இருக்கிறேன். பழகினால் சரியாகுமா?
– திருச்சி வாசகர்

பழக்கம் பாதி, பார்க்கும் இடம் பாதி. டிவித் திரை தட்டையானது. பாத்திரம் காற்றில் இருக்கும்போது அது மேடைக்கு நேர் மேலே இருக்கிறதா, ஒரு முழம் முன்னால் இருக்கிறதா என்பது படத்தைப் பார்த்துத் தெரியாது. அதைச் சொல்வதற்குத்தான் காலடியில் ஒரு வட்ட நிழல் வைக்கிறார்கள். 1996இன் சூப்பர் மரியோ 64இல் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் மரியோவின் நிழல் நேர் கீழேதான் விழும். இயற்பியல்படி தவறு, ஆட்டத்துக்குச் சரி. 2020இன் கிராஷ் பேண்டிகூட் 4இல் அந்த நிழலைப் பளிச்சென்ற வளையமாகவே காட்டும் வசதி செட்டிங்கில் உண்டு, போட்டுக்கொள்ளுங்கள்.

எனவே தாவியதும் பாத்திரத்தைப் பார்க்காதீர்கள், நிழலைப் பாருங்கள். நிழல் மேடை மேல் ஏறிவிட்டால் ஸ்டிக்கை விட்டுவிடலாம். தாவுவதற்கு முன் கேமராவைப் பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து, தாவும் திசை திரையில் நேர் மேல்நோக்கி இருக்கும்படி வையுங்கள். குறுக்குச் சாய்வாக வைத்துத் தாவினால் ஸ்டிக்கையும் சாய்வாகத் தள்ள வேண்டும். கட்டைவிரல் அங்கேதான் பிசகும். ஓடிக்கொண்டே கேமராவைச் சுழற்றினால் ஓடும் திசையும் கூடவே மாறும். நின்று திருப்புங்கள்.

எல்லாப் பழியும் உங்கள் மேல் இல்லை. 2017இல் கிராஷின் முதல் மூன்று கேம்களும் புதுப்பித்து வந்தபோது, மேடை விளிம்பில் கால் வைத்தால் வழுக்குகிறது என்று பழைய ரசிகர்கள் புகார் சொன்னார்கள். அது பிரமை இல்லை. பாத்திரம் எதில் முட்டுகிறது என்று கேம் கணக்கிடும், கண்ணுக்குத் தெரியாத மோதல் வடிவம் அடியில் உருண்டையாக இருந்ததால், ஓரத்தில் இறங்கினால் சறுக்கிக் கீழே போனது. அந்த கேமில் மேடையின் நடுவைக் குறிவைத்தே தாவ வேண்டும்.

பெரிய ஸ்மார்ட் டிவி வாங்கினோம். அதே கன்சோல், அதே கேம். ஆனால் எல்லா ஜம்ப்பும் தாமதமாகிறது. கன்ட்ரோலர் போய்விட்டதா?
– சேலம் வாசகர்

கன்ட்ரோலரை மாற்றிக் காசைக் கரியாக்காதீர்கள். படத்தை அழகுபடுத்த டிவி எடுத்துக்கொள்ளும் நேரம்தான் இது. அசைவை வழவழப்பாக்கும் வசதி இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே புதிதாக ஒன்றைக் கணக்கிட்டு வரைகிறது. அடுத்த ஃப்ரேம் வந்து சேரும்வரை கையில் இருப்பதைக் காட்டாமல் பிடித்துவைத்தால்தான் அது முடியும். ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி விநாடி. ஆறு ஃப்ரேம் தாமதித்தால் 0.1 விநாடி போச்சு; கேம் கொடுத்த சலுகை முழுவதையும் டிவி தின்றுவிட்டது.

கன்சோல் இருக்கும் எச்டிஎம்ஐ இணைப்பைத் திரையில் வைத்துக்கொண்டு, பிக்சர் செட்டிங்கில் 'கேம் மோட்' தேர்ந்தெடுங்கள். பல டிவிகளில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி செட்டிங். கேபிளை இடம் மாற்றினால் மறுபடி செய்ய வேண்டும். பிஎஸ்5 போன்ற புதிய கன்சோல்கள், டிவியும் ஒத்துழைத்தால், தாமாகவே மாற்றச் சொல்லும். பழையவற்றுக்கு நாம்தான் மாற்ற வேண்டும். கேம் மோடில் நிறம் கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறமும் படம் சரி, சத்தம் மட்டும் பிந்துகிறது என்றால் புளூடூத் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு டிவியின் ஒலியிலேயே ஆடிப் பாருங்கள்.

90களில் கேசட் போட்டு ஆடிய மரியோ இன்றைக்கும் சலிக்கவில்லை. பழைய நினைவு மட்டும்தானா?
– நாகர்கோவில் வாசகர்

நினைவுக்கும் பங்குண்டு. அன்று நம் வீடுகளில் இருந்த டிவி கேம் பெட்டிகளில் பல, நின்டெண்டோவின் ஃபாமிகாம் கன்சோலைப் பார்த்துச் செய்த நகல்கள். அவற்றை மாட்டிய டப்பா டிவியில் மேலே சொன்ன தாமதமும் கிடையாது.

ஆனால் அந்த முதல் லெவலை இப்போது ஆசிரியர் கண்ணோடு ஆடிப் பாருங்கள். பாதிக்கு மேல் போனதும் எதிரெதிரே இரண்டு படிக்கட்டுகள் வரும். நடுவே பள்ளம்போலத் தெரியும், ஆனால் தரை இருக்கும். தவறினால் உயிர் போகாது, மறுபடி ஏறித் தாவலாம். சில அடி தள்ளி அதேபோன்ற இரட்டைப் படிக்கட்டு. இந்த முறை நடுவே உண்மையான பள்ளம். ஒரு வரி விளக்கம்கூட எழுதாமல் ஒத்திகை பார்க்கவைத்துவிட்டுத் தேர்வு வைக்கிறார்கள். இன்று பத்து விநாடிக்கு ஒரு முறை ஆட்டத்தை நிறுத்தி 'எக்ஸ் பட்டனை அழுத்தவும்' என்று பலகை காட்டும் கேம்கள் இதைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டும்.

நாணயம், நட்சத்திரம், பழம் என்று பொறுக்குவது ஒரு கேமில் சுகமாகவும் இன்னொன்றில் கூலி வேலையாகவும் இருக்கிறதே, ஏன்?
– கோவை வாசகர்

எத்தனை இருக்கிறது என்பதைவிட எத்தனை கட்டாயம் என்பதைப் பாருங்கள். மரியோ 64இல் 120 நட்சத்திரம். கடைசியாக வில்லன் பவுசரிடம் போக 70 போதும். பிடிக்காத 50ஐ விட்டுவிடலாம். அதற்கு நேர்மாறு 1999இன் டாங்கி காங் 64. ஐந்து குரங்குகள், ஒவ்வொன்றுக்கும் தனி நிற வாழைப்பழம். நீலப் பழம் கண்முன் கிடக்கும், கையில் இருப்பது வேறு குரங்காக இருந்தால் எடுக்க முடியாது. மாற்றிக்கொள்ளும் பீப்பாய் வரை நடந்து, ஆள் மாற்றி, வந்த வழியே திரும்ப வேண்டும். அந்த நடையில் புதிதாக எதுவும் இல்லை.

பாஞ்சோ-கஸூயியில் (1998) வேறொரு தொல்லை. ஓர் உலகில் 100 இசைக்குறிகள். 90 எடுத்த பிறகு செத்தால், மீதி 10 மட்டும் எடுத்துக் கணக்கை முடிக்க முடியாது, 100ஐயும் முதலிலிருந்து பொறுக்க வேண்டும். 2008இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்தபோது, எடுத்தது எடுத்ததாகவே இருக்கும்படி மாற்றினார்கள்.

எட்டு வயதுப் பையனோடு சேர்ந்து ஆட ஒரு கேம்? எனக்கு இதெல்லாம் புதிது.
– தஞ்சாவூர் வாசகர்

சூப்பர் மரியோ ஒடிஸி, 2017, நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கு. இருவர் ஆட்டத்தில் ஒருவர் மரியோ, மற்றவர் அவருடைய தொப்பி. தொப்பி பள்ளத்தில் விழுந்து சாகாது. புதியவர் நீங்கள்தானே, தொப்பியை நீங்கள் எடுத்துக்கொண்டு மரியோவைப் பையனிடம் கொடுங்கள். தொடங்கும்போது அசிஸ்ட் மோடும் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றுக்குப் பதில் ஆறு உயிர்ப்புள்ளி, போக வேண்டிய வழிக்கு அம்புக்குறி. பையன் அதை ஒரு வாரத்தில் அணைக்கச் சொல்வான், அணைத்துவிடுங்கள்.